மணமாகாத மல்லி

தருமபுரிப் பக்கத்துக் கல்யாண மேடை எதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் தலையில் குண்டுமல்லி இருக்கும். இருவர் கழுத்திலும் சம்பங்கி மாலை, உடம்பில் பட்டு. மூன்றும் இந்த மாவட்டத்துக்குப் பழகிய பயிர்கள். தொப்பூர், நல்லம்பள்ளி, பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் வட்டாரத் தோட்டங்களில் இருட்டோடு இருட்டாகப் பறித்த பூ, விடிவதற்குள் மார்க்கெட்டுக்கு வந்துவிடும். தமிழ்நாட்டின் பெரிய பட்டுக்கூடு அங்காடியும் தருமபுரியில்தான் இருக்கிறது. முகூர்த்த நாள் நெருங்கினால் மல்லி என்ன விலை போகும், கூடு என்ன விலை போகும் என்பதுதான் ஊர்ப்பேச்சு. அந்தப் பேச்சில் வராத ஒரு விஷயத்தைத்தான் இந்த வாரம் எழுத நினைத்தேன். இரண்டு பேரைச் சேர்த்துவைக்க வந்த இந்த மூன்றில் ஒன்றுகூடத் தன் துணையோடு சேர்ந்ததில்லை.

மல்லியை நாம் மொக்காகவே பறித்துவிடுகிறோம். இன்று அந்தியில் விரியும் என்ற பக்குவத்துக்கு வந்த மொக்கை விடியற்காலையில் பறித்தால்தான் அதற்கு விலை. செடியிலேயே விட்டிருந்தால் பொழுது சாய்ந்ததும் விரிந்து மணம் விடும். பூவால் எழுந்து நடந்து போக முடியாது, ஆள் அனுப்பத்தான் முடியும். அது அனுப்புகிற ஆள்தான் மணம். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிக்காகப் புறப்பட்ட அந்த மணம், பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் சாமி படத்தடியிலும் கரைந்துபோகிறது. செடியிலேயே விட்டாலும் குண்டுமல்லி காய்ப்பதென்பது அத்தி பூத்தாற்போலத்தான். காலங்காலமாகக் குச்சி வெட்டி வைத்தும் பதியன் போட்டுமே அதைப் பெருக்கிவருகிறோம். ராமநாதபுரம் சீமையிலிருந்து நாற்று வாங்கி வந்து இங்கே நட்டாலும் அது ஒரே உடம்பின் இன்னொரு துண்டுதான். தாய், தகப்பன் என்று இரண்டு பேர் அதற்குக் கிடையாது.

சம்பங்கியின் கதை இன்னும் தொலைவில் தொடங்குகிறது. அதன் சொந்த ஊர் மெக்சிகோ. வெள்ளை நிறம், நீண்ட குழல், இருட்டியதும் கூடுகிற மணம் எல்லாமே, நீளமான உறிஞ்சுகுழல் உள்ள பெரிய அந்துப்பூச்சிகளுக்காக அது தன்னைத் தயார் செய்துகொண்டதன் அடையாளங்கள். இங்கே கிழங்கு பிரித்து நடுகிறோம். பூ விரிகிற நேரத்துக்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் வயலுக்குள் இறங்கிவிடுகிறார்கள். அந்த வேலையின் அருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. தூக்கத்தைக் கொடுத்துத்தான் அந்தப் பெண்கள் கூலி வாங்குகிறார்கள். ஒரு கண்டம் பறித்து முடித்து வரப்பில் உட்கார்ந்திருந்த அக்காவிடம், வயலில் பூச்சி ஏதாவது வருமா என்று கேட்டேன். “ராத்திரியில பெருசா ஒண்ணு வரும் தம்பி, வெளக்கு வெளிச்சத்துக்கு மூஞ்சில மோதும். பூ எங்கடான்னு தேடிட்டு வரும்போல, அதுக்குள்ளாற நாங்க மூட்டை கட்டிடறோம்” என்றார்.

பட்டின் கதையைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். மல்பெரி இலையைத் தின்றே நான்கு முறை தோலுரிக்கிற புழு, ஏறக்குறைய 25 நாளில் முற்றிவிடும். முற்றிய புழுவைக் கூடு கட்டுவதற்கான தட்டான சந்திரிகையில் விட்டால் இரண்டு மூன்று நாளில் தன்னைச் சுற்றித் தானே கூடு கட்டிக்கொள்ளும். நல்ல வெண்கூடு ஒன்றில் அறுபடாத ஒரே இழை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஓடும். உள்ளே கூட்டுப்புழு அந்துப்பூச்சியாக மாறிக்கொண்டிருக்கும். விட்டுவைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில், பெரும்பாலும் விடியற்காலையில், வாயிலிருந்து ஒரு நீரைச் சுரந்து கூட்டின் முனையை இளக்கிக்கொண்டு வெளியே வரும். அப்படி வந்துவிட்டால் கூடு ஓட்டையாகிவிடும், இழை அறுந்துவிடும், விலை போகாது. ஆகவே அது வெளியே வருமுன் ஆவியிலோ வெப்பக் காற்றிலோ உள்ளேயே கொன்றுவிடுகிறோம். மணப்பெண் உடுத்துகிற ஒரு புடவைக்கு இப்படி ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். வயதுக்கு வருமுன்னே முடிந்துபோன அத்தனை உயிர்களும் அந்த ஒரு புடவைக்குள் இருக்கின்றன.

வெளியே வர விட்டிருந்தால் அது என்ன செய்திருக்கும்? வேறெதுவுமில்லை, துணை தேடும். பட்டு அந்துப்பூச்சி உணவு எடுப்பதில்லை, பறப்பதும் இல்லை. வாழ்கிற ஒரு வாரச் சொச்சமும் துணை சேரவும் முட்டையிடவும் மட்டும்தான். பெண் ஓரிடத்தில் அமர்ந்தபடி வயிற்றின் நுனியிலுள்ள சிறு சுரப்பியை வெளியே நீட்டும். அதிலிருந்து காற்றில் போகிற வாசனை நம் மூக்குக்கு எட்டாது. ஆணின் தலையில் இறகு வடிவத்தில் இரண்டு பெரிய உணர்கொம்புகள் உண்டு. அந்த வாசனையின் ஒரே ஒரு மூலக்கூறு பட்டாலும் அதிலுள்ள நரம்பு துடிக்கும். சில நூறு பட்டுவிட்டால் ஆண் எழுந்து, பறக்க உதவாத சிறகுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு வட்டமிட்டும் வளைந்தும் அவளை நோக்கி நடக்கத் தொடங்கிவிடும். தட்டில் விட்ட ஆண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சிறகடிப்பதை பட்டு முட்டை தயாரிக்கும் வித்தகம் ஒன்றில் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெல்லிய மழை தொடங்குகிற சத்தம் அந்த அறையில் கேட்டது. வெள்ளைச் செதில்தூள் எங்கள் கைமேலெல்லாம் படிந்தது.

அந்த வாசனை எதனால் ஆனது என்று கண்டுபிடித்தவர் அடால்ஃப் புட்டனாண்ட் என்ற ஜெர்மானியர். மனிதரின் பாலியல் ஹார்மோன்களை ஆராய்ந்ததற்காக 1939இல் நோபல் பரிசுக்குத் தேர்வானவர். பட்டுப்பூச்சியின் வாசனையைப் பிரித்தெடுக்க அவருடைய குழு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தது, சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளைச் சேகரித்தது. கடைசியில் கிடைத்தது சில மில்லிகிராம். 1959இல் அதற்கு பாம்பிகால் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பூச்சி தன் துணைக்கு விடுகிற அழைப்பை மனிதர்கள் முதன்முதலாக வேதிப்பொருளாக அடையாளம் கண்டது அப்போதுதான். மல்பெரி வளர்க்கிற ஊர்க்காரர்களுக்கு இது ஏதோ அந்நிய நாட்டுச் செய்தியாகத் தோன்ற வேண்டியதில்லை. அதே பூச்சியின் புழுக்கள்தான் நம் வீட்டுக் கொட்டகையில் இலை கடிக்கின்றன.

முட்டைக்காக வளர்க்கிற கூடுகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அவற்றிலிருந்து வெளியே வரும் பூச்சிகளை ஆண், பெண் பார்த்துச் சேர்த்து வைக்கிறார்கள். மூன்று நான்கு மணி நேரம் ஆனதும் கையாலேயே பிரித்துவிடுகிறார்கள். ஆணைக் குளிரில் வைத்திருந்து மறுநாள் வேறொரு பெண்ணோடு சேர்ப்பதும் உண்டு. பெண் தனியே ஒரு மூடிக்குள் 400, 500 முட்டைகள் இடும். பிறகு அந்தத் தாயை நசுக்கி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பெப்ரின் என்ற நோய் தாயிடமிருந்து முட்டைக்குப் போகும். தாயின் உடம்பில் நோய்க்கிருமி இருந்தால் அந்த முட்டைத் தொகுதியையே அழித்துவிட வேண்டும். இந்த முறையை வகுத்துக் கொடுத்தவர் லூயி பாஸ்டர். 1865 முதல் சில ஆண்டுகள் பிரான்சின் பட்டு விவசாயிகளுக்காக அவர் இதில் மூழ்கியிருந்தார். இன்று நம் விவசாயி நம்பிக்கையோடு வாங்குகிற நோயற்ற முட்டைத் தொகுதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தச் சோதனை நிற்கிறது. இதைக் கொடுமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். முட்டையில் நோய் இருந்தால் ஒரு குடும்பத்தின் ஒரு போக உழைப்பே போய்விடும் என்பதையும் பார்த்தவன் என்பதால் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆனால் பட்டுடுத்திக் கைபிடிக்கிற இருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நம் கை படாத காதலும் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. அது தோட்டத்துக்கு வெளியே, வரப்பிலும் தரிசிலும் ரோட்டோரத்திலும் நடக்கிறது.

எருக்கை யாரும் நட்டு வளர்ப்பதில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு நாள் தேடுவோம், அவ்வளவுதான். சங்க காலத்தில் காதல் கைகூடாத ஆண் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊர் நடுவே வருவான், கழுத்தில் எருக்கம் பூ மாலை போட்டிருப்பான். சூட யாரும் விரும்பாத பூ என்பதால்தான் அதை எடுத்துக்கொண்டான். ஆனால் எருக்குக்கு விருந்தாளிகள் குறைவில்லை. அதன் மகரந்தம் தூளாக இருப்பதில்லை, சிறு பொட்டலங்களாகப் பூவின் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்துக்கொண்டு போக வலுவான கால் வேண்டும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுகிற பெரிய கருவண்டு வந்து உட்காரும்போது பொட்டலம் காலில் மாட்டிக்கொள்ளும். அடுத்த பூவுக்குப் போகும்போது அங்கே போய்ச் சேரும். உச்சி வெயிலில் எருக்கம்புதர் அருகே கொஞ்சம் நின்றால் அந்த வண்டின் ரீங்காரத்தை நெஞ்சிலேயே உணரலாம்.

அதே எருக்கின் இலையைத் தின்று வளர்வதுதான் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி. வெந்தய நிறத்தில் கறுப்பு ஓரம் போட்டுக்கொண்டு வேலியோரம் மெதுவாகப் பறக்குமே, அதுதான். எருக்கின் நச்சுப்பால் அதன் உடம்பில் சேர்வதால் பறவைகள் அதைத் தொடத் தயங்கும். இத்தனை இருந்தும் ஆண் வரியன் இன்னும் மாப்பிள்ளையாகிவிடவில்லை. அதற்கு இன்னொரு செடியின் நஞ்சும் வேண்டும். கிலுகிலுப்பைச் செடியின் காய்ந்த காயிலும் இலையிலும், தேள்கொடுக்குச் செடியின் வாடிய தண்டிலும் ஆண் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக மொய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தேன் கிடையாது. அந்தச் செடிகளிலுள்ள ஒரு கசப்பான காரப்பொருளை உறிஞ்சித்தான் ஆண் தன் காதல் வாசனையைத் தயாரிக்கிறது. வயிற்றின் நுனியில் மறைத்து வைத்திருக்கும் மயிர்க்கற்றையை விரித்து, பெண்ணின் முன்னால் பறந்து, அந்த வாசனையை அவளுடைய உணர்கொம்புகளில் படவிடுகிறது. அந்த வாசனை இல்லாத ஆணைப் பெண் பெரும்பாலும் ஏற்பதில்லை. நீல வரியனுக்கும் வெண்புள்ளிக் கருப்பனுக்கும் இதே வழக்கம்தான்.

சணப்பில் வருகிற கம்பளிப்புழு நம் விவசாயிகளுக்குத் தெரியும். வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்பும் புள்ளி வைத்த அழகான அந்துப்பூச்சி ஒன்றின் புழு அது. அதன் அமெரிக்க உறவுக்காரப் பூச்சியைத் தாமஸ் ஐஸ்னர் என்ற பூச்சியியல் அறிஞர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கிலுகிலுப்பை இனத்துச் செடியிலிருந்து சேர்த்த நஞ்சை ஆண், சேரும்போது பெண்ணுக்குக் கொடுத்துவிடுகிறது. அவள் அதைத் தன் முட்டைகளுக்குள் வைக்கிறாள். நஞ்சு கலந்த முட்டையை எதிரிப் பூச்சிகள் தொடுவதில்லை. சேர்வதற்கு முன்பே வாசனையை வைத்து, யாரிடம் சீர் கூடுதலாக இருக்கிறது என்று அவள் கணித்துவிடுகிறாள். இத்தனை நுட்பமும் நாம் களை என்று மருந்தடித்துக் கருக்குகிற செடிகளை நம்பித்தான் நடக்கிறது. வரப்பில் களைக்கொல்லி அடிப்பதை நான் எதிர்ப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

பூச்சிகளின் காதலை ஆயுதமாக்கவும் நாம் கற்றுக்கொண்டோம். மாந்தோப்புகளில் தொங்குகிற பிளாஸ்டிக் டப்பாக்களைக் கவனித்திருப்பீர்கள். இனக்கவர்ச்சிப் பொறி என்று வேளாண்மைத் துறையினர் சொல்வார்கள். பழ ஈக்காகத் தொங்கவிடுகிற டப்பாவுக்குள் மீத்தைல் யூஜினால் என்ற வாசனைப்பொருளில் தோய்த்த மரத்துண்டு இருக்கும். 1912இல் பீகாரின் பூசா ஆய்வு நிலையத்தில் இருந்த ஹவ்லெட் என்ற ஆங்கிலேயர், சிட்ரோனெல்லா எண்ணெயைத் தேடிப் பழ ஈக்கள் வருவதைக் குறித்துவைத்தார். வந்தவை ஆண் ஈக்கள். அந்தத் தடத்தில் போய்த்தான் மீத்தைல் யூஜினாலைக் கண்டுகொண்டார்கள். நம் வீட்டுத் துளசியிலும் அது இருக்கிறது. மாம்பழ ஈயின் ஆண் அதைத் தின்று, பெண்ணைக் கவரும் வாசனையாக உடம்பில் மாற்றிக்கொள்கிறது. மாப்பிள்ளைக் கோலத்துக்கு வேண்டியதைத் தேடி வந்த இடத்தில் அதற்குச் சாவு. இருந்தாலும் தோப்பு முழுக்க விஷம் தெளித்துத் தேனீயையும் வண்டையும் சேர்த்துக் கொல்வதைவிட இந்த டப்பா ஆயிரம் மடங்கு மேல். இதை நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

கண்ணெதிரே ஒரு சேர்க்கையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் புடலைப் பந்தலடிக்குப் போக வேண்டும். பந்தல் போட்ட புதிதில் எல்லோருக்கும் ஒரே கவலைதான், “பூவா பூத்துக் கொட்டுதுங்க, ஒரு பிஞ்சுகூட நிக்கல” என்பார்கள். முதலில் வருபவை ஆண் பூக்கள், அவை உதிரத்தான் செய்யும். சில நாள் பொறுத்தால் பெண் பூ தலைகாட்டும். ஆண் பூக்கள் ஒரே காம்பில் வரிசையாக வரும். பெண் பூ இலைக்கணுவில் தனியாக நிற்கும், அதன் அடியில் விரல் நுனியளவு ரோமம் படர்ந்த குட்டிப் புடலை முன்கூட்டியே தயாராக இருக்கும். பொழுது மங்கும்போது பக்கத்தில் நின்றால் பூ விரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இதழ்களின் ஓரம் வேட்டி முனையைப் பிரித்துவிட்ட நூலாகச் சுருள் நீங்கி நாலாபக்கமும் நீளும். இருட்டில் அந்த வெள்ளை மட்டும் தெரியும். பெரிய அந்துப்பூச்சி வந்தால் பூமேல் உட்காராது, அந்தரத்தில் நின்றபடியே குழலை நீட்டும். மறுநாள் வெயில் ஏறுமுன் பூ சுருண்டுவிடும். இடையில் யாரும் வராத பெண் பூவின் பிஞ்சு பழுத்து விழும். இரவுப் பூச்சிகள் குறைந்துபோன இடங்களில் ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தொடுகிற வேலையை மனிதர்களே செய்கிறார்கள்.

தக்காளியும் கத்தரியும் வேறு மாதிரி. அவற்றின் மகரந்தம் நுனியில் சிறு துளையுள்ள குழலுக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிர வைத்தால் மகரந்தம் கொட்டும். அடையில் தேன் சேர்க்கிற தேனீக்கு இந்த வித்தை வராது. தக்காளி தன் பூவிலேயே ஓரளவு காய்த்துக்கொள்ளும் என்றாலும், அதிர்ந்த பூவின் காய் திரட்சியாக நிற்கும். பாலக்கோட்டு மார்க்கெட்டில் ஏறி இறங்குகிற கூடைகளில் இவற்றின் உழைப்பும் உண்டு. இவற்றுக்கு வேண்டியது பட்டுப்போன ஒரு மரக்கிளை, மருந்து படாத கொஞ்சம் மண், வரப்பில் நாலு காட்டுப்பூ.

அகநானூற்றின் நான்காம் பாட்டைப் பாடியவர் குறுங்குடி மருதனார். கார்காலத்தில் காதலியிடம் திரும்புகிற ஒருவன் அதில் வருகிறான். வழியெல்லாம் சோலை பூத்திருக்கிறது, பூக்களில் வண்டுகள் தத்தம் துணையோடு தங்கியிருக்கின்றன. தேர் மணியின் ஓசையில் அவை கலங்கிவிடுமே என்று அஞ்சி, மணிகளின் நாவைக் கட்டிவிட்டுத் தேரை ஓட்டி வருகிறான். காதலைப் பற்றி எத்தனையோ பாட்டுகள் தமிழில் உண்டு. எனக்கு இதற்கு மேல் ஒன்றில்லை. தன் ஆசை உச்சத்தில் இருக்கும் நேரத்திலும் அவனுக்கு இன்னோர் உயிரின் சேர்க்கை நினைவில் இருக்கிறது. தேரை நிறுத்தி நின்றுவிடவும் இல்லை, சத்தம் இல்லாமல் போகிறான். மல்லி பறிக்காதீர்கள், பட்டு உடுத்தாதீர்கள் என்று நானும் சொல்ல வரவில்லை. இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவதே அவற்றால்தான். நாவைக் கட்டுகிற வேலை மட்டும் நம்மால் ஆகும்.

விலை விழுந்த வாரங்களில் பறிகூலிகூடக் கட்டாது என்று சாமந்தியை அப்படியே விட்டுவிடுவார்கள். அப்படி விட்ட ஒரு வயலில் நின்றிருக்கிறேன். பூ முழுக்கத் தேனீயும் ஈயும் பட்டாம்பூச்சியும். வயல்காரரின் நஷ்டத்தில் பூச்சிகளுக்குக் கொண்டாட்டம் என்றிருப்பது நியாயமில்லை. ஓரத்தில் ஒரு வரிசையைத் தெரிந்தே விடுவதும், வரப்பைக் கருக்காமல் வைத்திருப்பதும் அவ்வளவு பெரிய இழப்பாகாது.

தை பிறந்தால் இங்கே மா பூக்கத் தொடங்கும். ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருந்தாலும் பெரும்பாலானவை ஆண் பூக்கள்தான். இருபாலும் சேர்ந்த கொஞ்சம் பூக்களுக்கு மகரந்தம் கொண்டுவருவது முக்கியமாக ஈக்கள். தைவானில் மாந்தோப்புக்காரர்கள் அழுகிய மீனை வைத்து ஈயை வரவழைக்கிறார்கள். நாமோ பூ விரிந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கிறோம். எங்கள் பக்கத்துத் தோப்பு அண்ணனோடு இதைப் பற்றிப் பேசினேன். “மொக்கு கட்டறப்பவே ஒருதரம் பாத்து அடிச்சுடறேன் தம்பி. பூ விரிஞ்சுட்டா மிஷினத் தொடமாட்டேன். பிஞ்சு பட்டாணி கணக்கா வந்தப்பறம் பாத்துக்கலாம்” என்றார். எங்கள் தோப்புக்கும் அதுதான் கணக்கு.